பழைய ஓஎஸ் ஃபாஸ்ட்டா புது ஓஎஸ் ஃபாஸ்ட்டா, நாமளே அளந்து பாக்குறது எப்படி

விண்டோஸ் 7 எல்லாம் பறக்கும் பாஸு, இப்ப வர்றதெல்லாம் ஆமை, இந்த டயலாக்கை கேக்காத ஆளே இருக்க முடியாது. இதுக்கு நேர் எதிரா, புது ஓஎஸ் போட்டதும் என் மெஷின் புதுசு மாதிரி ஆயிடுச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஆனா ரெண்டு பேருமே ஓஎஸ்ஸை மட்டும் தனியா அளக்கல, ஓஎஸ் மாத்துற சாக்குல ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி (சுத்துற பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) போட்டிருப்பாங்க, இல்ல நாலு வருஷமா சேந்த ஸ்டார்ட்அப் குப்பை எல்லாம் ஃபார்மட்ல காலியாகியிருக்கும், இல்ல டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் ஓஎஸ்ஸோட பேச வைக்குற ப்ரோக்ராம்) சரியா உக்காந்திருக்காது, கடைசியில நல்லது கெட்டது எல்லாத்தையும் தூக்கி ஓஎஸ் தலையில கட்டிடுறது.

நானும் அதே கேஸ்தான். விண்டோஸ் 7ல இருந்து 10க்கு போனப்போ ஸ்டாப்வாட்ச் வெச்சு பூட் டைம் (மெஷின் ஆன் ஆகி ரெடியாகுற நேரம்) எடுத்தேன், பாதிக்கும் கீழ வந்துச்சு, பாக்குறவங்ககிட்டெல்லாம் பெருமையா சொல்லிட்டு திரிஞ்சேன். ரெண்டு மாசம் கழிச்சுதான் புரிஞ்சுது, நான் ஷட்டவுன் பண்ணதா நினைச்ச மெஷின் முழுசா ஷட்டவுனே ஆகலன்னு. அது என்ன கூத்துன்னு கீழ பூட் பத்தி வர்ற இடத்துல சொல்றேன்.

முதல்ல கேள்வியை சின்னதாக்கிக்கோங்க. "எது ஃபாஸ்ட்டு"ன்னு பொத்தாம்பொதுவா கேட்டா பதிலே கிடையாது. நீங்க தினமும் எதுக்காக ஸ்கிரீனை பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கீங்க, அதை யோசிங்க. பிரவுசர் திறக்குறதுக்கா, ஆயிரம் போட்டோ காப்பி ஆகுறதுக்கா, பெரிய எக்செல் ஃபைலுக்கா, வீடியோ எக்ஸ்போர்ட்டுக்கா? ஒரு மூணு நாலு வேலை எழுதிக்கோங்க, போதும். இது ஏன் முக்கியம்னா ஒவ்வொரு வேலையிலயும் ஓஎஸ்ஸோட பங்கு வேற வேற. வீடியோ என்கோடிங் மாதிரி முழுக்க முழுக்க ப்ராசசரை அரைக்குற வேலையில ஓஎஸ் பெருசா தலையிடாது, எந்த த்ரெட் (வேலையோட ஒரு துண்டு) ப்ராசசரோட எந்த கோர்ல ஓடணும்னு சொல்லிட்டு ஒதுங்கி நின்னுடும், அதனால அங்க பழசும் புதுசும் அக்கம்பக்கமாதான் வரும். ஆனா ஆயிரக்கணக்கான குட்டி குட்டி ஃபைல் காப்பி பண்றது, ப்ரோக்ராம் திறக்குறது, விண்டோ மாத்துறது, இதுல எல்லாம் ஒவ்வொரு அடியிலயும் ஓஎஸ்ஸை கேட்டுட்டுதான் நகரணும். வித்தியாசம் தெரியுறது அங்கதான். வெறும் சினிபெஞ்ச் (ப்ராசசர் வேகத்தை அளக்குற டெஸ்ட்) ஓட்டிட்டு "ரெண்டும் ஒண்ணுதான்"னு முடிவு பண்றவங்க நுனிப்புல் மேயுறவங்க.

எந்த மெஷின்ல டெஸ்ட் பண்றது

ஒரே மெஷின், ஒரே ரேம், ஒரே டிஸ்க், இதுல காம்ப்ரமைஸே கிடையாது. ஆனா "ஒரே மெஷின்"னு சொல்றதுலயே ஒரு சிக்கல் இருக்கு, அந்த மெஷின் ரெண்டு ஓஎஸ்ஸுக்கும் நியாயமா இருக்கணும். புத்தம்புது லேப்டாப்ல விண்டோஸ் 7 போட்டீங்கன்னா அது தோக்குறதுக்குன்னே பொறந்த மாதிரி ஆயிடும். விண்டோஸ் 7க்குள்ள யூஎஸ்பி 3 டிரைவர் கிடையாது, அதனால 2015ல வந்த இன்டெல் 6வது தலைமுறையில இருந்து நிறைய மெஷின்ல இன்ஸ்டால் ஸ்கிரீன்லயே கீபோர்டும் மவுஸும் செத்துப்போயிடும். என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் (இன்னும் வேகமான புது வகை எஸ்எஸ்டி) தனியா பேட்ச் சேக்கணும், 8.1லதான் அது கூடவே வர ஆரம்பிச்சுது. விண்டோஸ் எக்ஸ்பியை எடுத்தா இன்னும் மோசம், அது சாதாரண மெஷின்ல எஸ்எஸ்டி வராத 2001ல வந்தது, எந்த இடம் காலின்னு எஸ்எஸ்டிக்கு சொல்ற டிரிம் கமாண்டே அதுக்கு தெரியாது, பார்ட்டிஷனை (டிஸ்க்ல ஓஎஸ்ஸுக்கு ஒதுக்குற பகுதி) 63வது செக்டார்ல (டிஸ்க்கோட குட்டி துண்டு) ஆரம்பிக்கும், அது எஸ்எஸ்டியோட 4 கேபி பிளாக்கோட நேரா பொருந்தாது, ஒரு பிளாக் எழுத ரெண்டு பிளாக்கை தொட வேண்டி வரும். 32 பிட் எக்ஸ்பின்னா 4 ஜிபிக்கு மேல ரேம் போட்டும் பிரயோஜனம் இல்ல.

இது தலைகீழாவும் நடக்கும். பத்து வருஷ பழைய 2 ஜிபி ரேம் மெஷின்ல விண்டோஸ் 10 போட்டுட்டு "பாத்தியா எப்படி இழுக்குது"ன்னு சொல்றதும் அதே அநியாயம்தான்.

என் கணக்குல 7க்கும் 10க்கும் சண்டை வைக்கணும்னா 2013 வாக்குல வந்த இன்டெல் 4வது தலைமுறை மெஷின், 8 ஜிபி ரேம், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி, இது ரெண்டுக்கும் பொதுவான களம், ரெண்டுக்கும் டிரைவர் ஒழுங்கா கிடைக்கும். 10க்கும் 11க்கும்னா இன்டெல் 8வது தலைமுறை இல்ல அதுக்கு மேல, ஏன்னா 11 அதுக்கு கீழ இருக்குறதை அதிகாரபூர்வமா ஏத்துக்காது, டிபிஎம் 2.0ங்குற பாதுகாப்பு வசதியும் கேக்கும். இன்டெல் 12வது தலைமுறையில இருந்து பெரிய கோர் சின்ன கோர்னு ரெண்டு வகை வந்துடுச்சு, எந்த வேலையை எந்த கோருக்கு தள்ளணும்ங்குற குறிப்பை ப்ராசசரே கொடுக்கும், அதை முழுசா கேட்டு நடக்குற மாதிரி எழுதினது 11. அதனால அந்த மாதிரி மெஷின்ல 10 கொஞ்சம் பின்தங்கினா ஆச்சரியப்படாதீங்க.

விர்ச்சுவல் மெஷின்ல (ஒரு ஓஎஸ்ஸுக்குள்ள இன்னொரு ஓஎஸ்ஸை ஓட்டுற போலி கம்ப்யூட்டர்) போட்டு கம்பேர் பண்ணலாமான்னு கேப்பாங்க. பண்ணாதீங்க. கிராஃபிக்ஸ் பொய், டிஸ்க் பொய், கீழ இருக்குற ஓஎஸ்ஸோட கேஷ் (அடிக்கடி கேக்குறதை ரேம்ல எடுத்து வெச்சுக்குறது) வேற நடுவுல புகுந்து ஆட்டத்தையே கலைச்சிடும். ஓஎஸ்ஸை சுத்திப் பாக்க விர்ச்சுவல் மெஷின் அருமையான விஷயம், அளக்குறதுக்கு இல்ல.

டூயல் பூட் (ஒரே மெஷின்ல ரெண்டு ஓஎஸ் வெச்சுக்குறது) ஓகே. ஆனா ஹார்ட் டிஸ்க்கா இருந்தா ஒரு பொறி இருக்கு, நிறைய பேர் இதுல விழுந்திருக்காங்க. சுத்துற டிஸ்க்ல வெளி விளிம்புல ஒரு சுத்துக்கு அதிக டேட்டா அடங்கும், உள்ள போகப் போக குறையும், கடைசி பகுதியில வேகம் கிட்டத்தட்ட பாதிக்கு இறங்கிடும். முதல் பார்ட்டிஷன் வெளிப்பக்கம் இருக்கும், ரெண்டாவது உள்பக்கம். அப்ப எந்த ஓஎஸ்ஸை ரெண்டாவதா போட்டீங்களோ அது ஓடுறதுக்கு முன்னாடியே தோத்துடுச்சு. ஹார்ட் டிஸ்க்னா ஒண்ணை அளந்து முடிச்சு, அழிச்சு, அதே இடத்துல இன்னொண்ணை போடுங்க. எஸ்எஸ்டியில இந்த தொல்லை இல்ல, ஆனா டிஸ்க் நிரம்பி வழிஞ்சா எழுதுற வேகம் படுத்துடும், கால்வாசி இடமாவது காலியா விட்டு வைங்க.

இன்ஸ்டால் பண்ணிட்டு உடனே அளக்காதீங்க

ரெண்டுமே புது இன்ஸ்டாலா இருக்கணும். நாலு வருஷம் அடிச்சு ஓட்டின 7ஐயும் நேத்து போட்ட 11ஐயும் பக்கத்துல நிக்க வெச்சா நீங்க அளக்குறது ஓஎஸ்ஸை இல்ல, நாலு வருஷத்தை.

இதுல வேடிக்கை என்னன்னா புது இன்ஸ்டால் முதல் நாள் ரொம்ப மந்தமா இருக்கும், அதுவும் அதோட உண்மையான வேகம் இல்ல. பின்னாடி அப்டேட் இறங்கிட்டு இருக்கும், சர்ச் இன்டெக்ஸ் கட்டிட்டு இருக்கும், விண்டோஸ் கூடவே வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் ஒவ்வொரு ஃபைலா மோந்து பாத்துட்டு இருக்கும், ஸ்டோர் ஆப் எல்லாம் தானா அப்டேட் ஆகிட்டு இருக்கும். எல்லா அப்டேட்டையும் போட்டு, ரெண்டு மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணி, ஒரு ராத்திரி முழுக்க ஆன்லயே விட்டுடுங்க, ஸ்லீப் போகாத மாதிரி செட்டிங் வெச்சுட்டு. மறுநாள் டாஸ்க் மேனேஜரை திறந்தா சிபியூ 1, 2 பர்சன்ட்ல சும்மா கிடக்கணும், டிஸ்க் கிட்டத்தட்ட 0ல இருக்கணும். அப்பதான் ஆரம்பிக்கலாம்.

இன்னொரு விஷயம், எக்ஸ்பி காலத்துல இருந்தே விண்டோஸ்ல ப்ரீஃபெட்ச்னு ஒண்ணு இருக்கு. ஒரு ப்ரோக்ராம் திறக்குறப்போ முதல் சில செகண்ட்ல எந்தெந்த ஃபைலை தொடுதுன்னு குறிச்சு வெச்சுக்கிட்டு அடுத்த தடவை முன்கூட்டியே இழுத்து வைக்கும். அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவுல இது சூப்பர்ஃபெட்ச்னு இன்னும் பெருசா ஆச்சு. அதனால டெஸ்ட் பண்ணப்போற ப்ரோக்ராமை எல்லாம் ரெண்டு ஓஎஸ்லயும் நாலஞ்சு தடவை திறந்து மூடி, நடுவுல ரீஸ்டார்ட் போட்டு, பழக்கிட்டு அப்புறம் அளங்க. பழகாத ஓஎஸ்ஸை பழகின ஓஎஸ்ஸோட மோத விட்டா நியாயமா இருக்காது.

அப்புறம் டிரைவர். டிவைஸ் மேனேஜர்ல ஒரு மஞ்சள் முக்கோணம் கூட இருக்கக்கூடாது, கிராஃபிக்ஸ் இடத்துல "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு இருந்தா அந்த டெஸ்டே வேஸ்ட், எல்லா வரையுற வேலையும் ப்ராசசர் தலையில விழுந்திருக்கு. பழைய ஓஎஸ்ல பேர் "ஸ்டாண்டர்ட் விஜிஏ"ன்னு இருக்கும், கதை ஒண்ணுதான்.

பவர் பிளான் ரெண்டுலயும் ஒரே மாதிரி, லேப்டாப்னா சார்ஜர் சொருகியே இருக்கணும். சூடு ஏறினா ப்ராசசர் தானா வேகத்தை இறக்கும், அதனால ஒரு கனமான டெஸ்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பத்து நிமிஷம் ஆற விடுங்க.

செக்யூரிட்டி கணக்கு

இந்த இடத்துல கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாக்கணும், ஏன்னா பழைய ஓஎஸ் வேகமா தெரியுறதுக்கு பாதி காரணம் இங்கதான் ஒளிஞ்சிருக்கு. விண்டோஸ் 7ல இருந்த டிஃபெண்டர் வெறும் ஸ்பைவேர் தேடுற ஆள், முழு ஆன்டிவைரஸா அது மாறினது 8ல. அப்ப 7ஐ அப்படியே போட்டா காவலாளியே இல்லாத வீடு, 10ஐ போட்டா ஒவ்வொரு ஃபைலுக்கும் வாசல்ல செக்கிங். செக்கிங் இல்லாத வாசல்ல கூட்டம் வேகமா போகத்தானே செய்யும்?

அடுத்தது மெல்ட்டவுன், ஸ்பெக்டர். 2018 ஜனவரியில வெளிய வந்த ப்ராசசர் ஓட்டைகள். அதுல மெல்ட்டவுனை அடைக்க ஓஎஸ்காரங்க கெர்னலோட (ஓஎஸ்ஸோட மைய பகுதி) மெமரி மேப்பை ப்ரோக்ராமோட மேப்ல இருந்து தனியா பிரிச்சாங்க, இதனால ஒவ்வொரு தடவை ப்ரோக்ராம் கெர்னலை கூப்பிடுறப்பவும் கொஞ்சம் கூடுதல் வேலை. கணக்கு மட்டும் போடுற ப்ரோக்ராமுக்கு இது தெரியவே தெரியாது, டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் ஓயாம தட்டுற ப்ரோக்ராமுக்கு நல்லாவே தெரியும். இதுல முரண் என்னன்னா, 2015 காலத்து மெஷின்ல, அதாவது ஹாஸ்வெல் (அந்த இன்டெல் 4வது தலைமுறை) இல்ல அதுக்கு முந்தின ப்ராசசர்ல விண்டோஸ் 7, 8 ஓட்டுறவங்கள்ல பெரும்பாலானவங்க வேகக் குறைவை உணர்வாங்கன்னு மைக்ரோசாஃப்ட்டே அப்ப சொல்லுச்சு, அதாவது பேட்ச் போட்டா அதிகமா அடி வாங்குறது பழைய ஓஎஸ்தான். பேட்ச் போடாத 7ஐ பேட்ச் போட்ட 10 கூட கம்பேர் பண்ணிட்டு 7 ஜெயிச்சுதுன்னு கை தட்டுறவங்க இதை கவனிக்கணும்.

11ல ரெண்டு விஷயம் தேடிப் பாருங்க. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள டிவைஸ் செக்யூரிட்டி, அதுக்குள்ள கோர் ஐசொலேஷன், அங்க மெமரி இன்டெக்ரிட்டின்னு, கெர்னலுக்குள்ள கெட்ட கோட் புகாம தடுக்குற ஒரு சுவிட்ச் இருக்கும். தகுதியான மெஷின்ல புதுசா 11 போட்டா அது பெரும்பாலும் ஆன்லயே வரும், 10ல இருந்து அப்கிரேட் ஆனதுல ஆஃப்ல இருக்க வாய்ப்பு அதிகம். கேம்ல ஃப்ரேம் குறையலாம்னு மைக்ரோசாஃப்ட்டே ஒத்துக்கிட்ட சமாச்சாரம் இது. ரெண்டாவது டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்க்ல இருக்குறதை பூட்டி மறைக்குறது), 11ஓட 24எச்2 வெர்ஷனை புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள போனா நிறைய மெஷின்ல சொல்லாம கொள்ளாம ஆன் ஆகிடும்.

இதுக்கு என்ன வழின்னா ரெண்டு சுத்து டெஸ்ட் எடுங்க. ஒண்ணு, டப்பாவுல வந்த மாதிரியே, எந்த சுவிட்சையும் தொடாம. இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் பாதுகாப்பை சமமாக்கி, 7க்கு ஒரு ஆன்டிவைரஸ் போட்டு, இல்ல ரெண்டுலயும் ரியல்டைம் ஸ்கேனை நிறுத்தி, நெட்டை கழட்டி விட்டுட்டு. நெட் கேபிளை கழட்டுறது பழைய ஓஎஸ்ஸுக்கு எப்படியும் கட்டாயம், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, 7க்கு 2020 ஜனவரி 14, 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சாதாரண அப்டேட் நின்னுடுச்சு. ரெண்டு சுத்துக்கும் நடுவுல வர்ற வித்தியாசம் இருக்கே, அதுதான் பாதுகாப்புக்கு நீங்க கொடுக்குற விலை. எனக்கு மொத்த டெஸ்ட்லயே சுவாரசியமான நம்பர் அதுதான்.

பூட் டைம்

சரி, என் கூத்துக்கு வருவோம். விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு வந்துச்சு. நீங்க ஷட்டவுன் கொடுத்தா உங்க ப்ரோக்ராம் எல்லாத்தையும் மூடிட்டு, உங்களை லாக்அவுட் பண்ணிட்டு, ஆனா கெர்னலை மட்டும் ஹைபர்னேட் பண்ணி டிஸ்க்ல எழுதி வெச்சுட்டு தூங்கிடும். மறுநாள் ஆன் பண்ணா அதை அப்படியே தூக்கி ரேம்ல போட்டுக்கும். பாதி தூக்கத்துல இருந்து எந்திரிக்குறவனையும் செத்து பொழைக்குறவனையும் ஓட்டப்பந்தயத்துல விட்ட கதைதான் என் டெஸ்ட். நம்பலன்னா ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணிட்டு டாஸ்க் மேனேஜர்ல சிபியூ பக்கத்துல அப்டைம் பாருங்க, பல நாள் ஓடிட்டு இருக்குற மாதிரி காட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தா மட்டும் சுத்தமா பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும்.

அதனால பூட் அளக்குறதுன்னா ஷிஃப்ட் கீயை புடிச்சுக்கிட்டே ஷட்டவுன் கிளிக் பண்ணுங்க, முழுசா அணையும். இல்ல கண்ட்ரோல் பேனல் பவர் ஆப்ஷன்ல போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துடுங்க. தினசரி அனுபவம் வேணும்னா டிக்கோடயும் ஒரு தடவை அளங்க, தப்பில்ல, ஆனா அதை தனி வரிசையில எழுதுங்க.

ஸ்டாப்வாட்ச்ல இன்னொரு குளறுபடி, பவர் பட்டன்ல இருந்து எண்ண ஆரம்பிச்சா மதர்போர்டு முழிக்குற நேரமும் சேந்துடும். 7ஐ பழைய பயோஸ் (ஓஎஸ்ஸுக்கு முன்னாடி மதர்போர்டை எழுப்புற ப்ரோக்ராம்) மோட்லயும் 11ஐ அதுக்கு பதிலா வந்த யூஇஎஃப்ஐ மோட்லயும் போட்டிருந்தா அந்த நேரமே வேற வேற. புது விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜரோட ஸ்டார்ட்அப் டேப்ல லாஸ்ட் பயோஸ் டைம்னு செகண்ட்ல போட்டிருக்கும், அதை கழிச்சுக்கலாம். லோகோ வந்த நிமிஷத்துல இருந்து ஸ்டாப்வாட்ச் அழுத்துறதும் ஒரு வழி.

எங்க நிறுத்துறது? டெஸ்க்டாப் தெரிஞ்ச உடனே நிறுத்தக்கூடாது. புது ஓஎஸ் எல்லாம் டெஸ்க்டாப்பை சீக்கிரம் காட்டிட்டு பாதி சர்வீஸை அப்புறம்தான் எழுப்பும், ஐகான் இருக்கும் கிளிக் பண்ணா ஒண்ணும் நடக்காது. நான் என்ன பண்ணுவேன்னா ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போட்டு வெச்சு, அது நோட்பேட்ல திறந்து, அதுல ஒரு எழுத்து அடிச்சு அது விழுற வரைக்கும் எண்ணுவேன். விண்டோஸே ஒரு கணக்கு வெச்சிருக்கும், ஈவென்ட் வியூவர்ல அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்னு உள்ள போய் 100ம் நம்பர் ஈவென்ட் பதிவாகியிருந்தா திறந்து பாருங்க, டெஸ்க்டாப் வரைக்கும் எவ்வளவு, அதுக்கப்புறம் அமைதியாக எவ்வளவுன்னு மில்லிசெகண்ட்ல தனித்தனியா இருக்கும்.

ப்ரோக்ராம் திறக்குறதும் ஃபைல் காப்பியும்

ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் ரெண்டு நேரம் எடுக்கணும். ரீஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு முதல் தடவை திறக்குறது, அப்புறம் மூடிட்டு உடனே ரெண்டாவது தடவை திறக்குறது. முதல்ல டிஸ்க்கும் ஓஎஸ்ஸும் வேலை செய்யும், ரெண்டாவதுல எல்லாம் ரேம் கேஷ்ல இருந்து வரும். இந்த ரெண்டையும் கலந்துட்டா நம்பருக்கு அர்த்தமே இல்ல.

ப்ரோக்ராம் வெர்ஷனும் ஒண்ணா இருக்கணும், இதுல பிரவுசர்தான் மாட்டும். குரோம் 109தான் விண்டோஸ் 7ல ஓடின கடைசி வெர்ஷன். 7ல 109ஐயும் 11ல இன்னைக்கு வந்த குரோமையும் வெச்சு பேஜ் லோட் அளந்தா அது ஓஎஸ் டெஸ்ட் இல்ல, குரோம் டெஸ்ட். ஃபயர்ஃபாக்ஸ் 115 நீண்டகால சப்போர்ட் வெர்ஷனை ரெண்டுலயும் போட்டுக்கிட்டா சமாளிக்கலாம், ஆட்டோ அப்டேட்டை மட்டும் நிறுத்திடுங்க, இல்லன்னா டெஸ்ட் நடுவுல அதுவா மாறிக்கும்.

காப்பி டெஸ்டுக்கு ஒரே பெரிய ஃபைல் ஒண்ணு, ஒரு 5 ஜிபி, அப்புறம் பத்தாயிரம் குட்டி ஃபைல் இருக்குற ஃபோல்டர் ஒண்ணு. பெரிய ஃபைல்ல டிஸ்க்கோட வேகம்தான் தெரியும், ஓஎஸ்ஸோட லட்சணம் குட்டி ஃபைல்லதான் தெரியும். எக்ஸ்ப்ளோரர் காட்டுற பட்டையை நம்பாதீங்க, அது முடிஞ்சதுக்கு அப்புறமும் பின்னாடி டிஸ்க்ல எழுதிட்டு இருக்கும். ரோபோகாப்பி கமாண்ட் போட்டா முடிவுல எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அதுவே எழுதிடும், விஸ்டாவுல இருந்து எல்லா விண்டோஸ்லயும் கூடவே இருக்கு. 7-ஜிப்ங்குற ஃபைல் சுருக்குற ப்ரோக்ராம்ல அதே ஃபோல்டரை அமுக்கி பாக்குறதும் நல்ல டெஸ்ட், அதுக்குள்ளயே ஒரு பெஞ்ச்மார்க்கும் இருக்கு, ப்ராசசர் டெஸ்டுக்கு அதுவே போதும்.

ரேம்

டாஸ்க் மேனேஜரை திறந்து "7 சும்மா இருக்கும்போதே இவ்வளவுதான் எடுக்குது, 11 பாரு எவ்வளவு முழுங்குது"ன்னு ஸ்கிரீன்ஷாட் போடுறது ரொம்ப சுலபம், பாதி அர்த்தம்தான் அதுல இருக்கு. புது ஓஎஸ் அதிகம் எடுக்குதுங்குறது உண்மைதான், எக்ஸ்பி 64 எம்பி ரேம்ல ஓடும்னு டப்பாவுல போட்டாங்க, 11 குறைஞ்சது 4 ஜிபி கேக்குது. ஆனா காலியா கிடக்குற ரேமை வெச்சு நாம என்ன பண்ணப்போறோம்? ரேம் அதிகமா இருந்தா ஓஎஸ் தாராளமா எடுத்துக்கும், தேவைப்பட்டா கேஷை விட்டுக்கொடுக்கும். 10ல இருந்து ரேம்லயே பழைய மெமரி பக்கங்களை சுருக்கி வெச்சுக்குற வேலையும் நடக்குது.

அதனால எவ்வளவு எடுக்குதுன்னு பாக்காதீங்க, எப்ப மூச்சு திணறுதுன்னு பாருங்க. ரிசோர்ஸ் மானிட்டர்ல மெமரி டேப், அங்க ஹார்டு ஃபால்ட்னு ஒரு கிராஃப் ஓடும், ரேம்ல இல்லாததை டிஸ்க்ல இருந்து எத்தனை தடவை இழுக்குதுன்னு காட்டும். 7லயும் இருக்கு 11லயும் இருக்கு. ரெண்டுலயும் ஒரே வெப் பக்கங்களை ஒண்ணொண்ணா பிரவுசர் டேப்ல திறந்துட்டே போங்க, அந்த கிராஃப் எப்ப இறங்காம தொடர்ந்து துள்ள ஆரம்பிக்குதோ அந்த டேப் எண்ணிக்கையை குறிச்சுக்கோங்க. 4 ஜிபி மெஷின்ல புது ஓஎஸ் சீக்கிரமே அந்த இடத்துக்கு வந்துடும், அதுக்கப்புறம் எந்த செட்டிங்கும் காப்பாத்தாது. 16 ஜிபியில பெரும்பாலும் ரெண்டுமே அங்க போய் சேராது, அப்ப இந்த சண்டையே தேவையில்ல.

கைக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லுது

எனக்கு பிடிச்ச டெஸ்ட் இது, யாரும் பண்றதில்ல. பழைய ஓஎஸ் "கைக்கு லேசா இருக்கு"ன்னு சொல்றோமே, அதை அளக்க முடியும். போன்ல ஸ்லோமோஷன் 240 ஃப்ரேம் இருந்தா போதும், கீபோர்டும் ஸ்கிரீனும் ஒரே ஃப்ரேம்ல தெரியுற மாதிரி வெச்சு, நோட்பேட்ல ஒரு எழுத்தை விட்டு விட்டு இருபது தடவை அடிங்க. அப்புறம் வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமா நகத்தி, கீ அடியில தொட்டதுல இருந்து எழுத்து தெரியுற வரைக்கும் எத்தனை ஃப்ரேம்னு எண்ணுங்க, ஒரு ஃப்ரேம் சுமார் 4 மில்லிசெகண்ட். ஸ்டார்ட் மெனு திறக்குறதுக்கும், விண்டோ மாறுறதுக்கும் இதே முறை. ஸ்டாப்வாட்ச்ல இதெல்லாம் முடியாது, நம்ம கையே கால் செகண்ட் தாமதம்.

7ல ஏரோவை (கண்ணாடி மாதிரி விண்டோ எஃபெக்ட்) ஆஃப் பண்ணிட்டு அடிச்சா எழுத்து சீக்கிரம் விழும். காரணம், ஏரோ ஆன்ல இருந்தா ஒவ்வொரு விண்டோவும் நேரா ஸ்கிரீனுக்கு போகாம ஒரு இடைநிலை ஆள் எல்லாத்தையும் சேத்து வரைஞ்சு அனுப்பும், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல அது ஒரு ஃப்ரேம், அதாவது கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட் வரைக்கும் கூட்டலாம். 8ல இருந்து டெஸ்க்டாப்ல அந்த ஆளை நிறுத்தவே முடியாது. அப்ப பழசு லேசா இருந்துச்சுன்னு சொல்றது வெறும் பழைய நெனப்பு மட்டும் இல்ல. ஆனா மெனு மெதுவா விரியுறது வேற கதை, அது அனிமேஷன், செட்டிங்ல ஆஃப் பண்ணிட்டு மறுபடி அளந்து பாருங்க, பாதி புகார் அங்கயே காணாம போயிடும்.

கேம் ஆடுறவங்களுக்கு ஒரே வரி, சராசரி ஃப்ரேம் ரேட்டை மட்டும் பாக்காதீங்க, ரொம்ப மோசமான 1 பர்சன்ட் ஃப்ரேம் எவ்வளவுன்னு பாருங்க, திக்கல் அங்கதான் தெரியும். டைரக்ட்எக்ஸ் 12 (கேம் கிராஃபிக்ஸ் வரைய உதவுற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர்) கேக்குற கேம்னா 10க்கு கீழ கம்பேரிசனே வேணாம்.

நம்பரை படிக்குறது

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்குறது இங்க செல்லாது. ஒவ்வொரு டெஸ்டும் அஞ்சு தடவையாவது ஓட்டி, வரிசையா அடுக்கி, நடுவுல நிக்குற நம்பரை எடுங்க. சராசரி வேணாம், ஒரு தடவை அப்டேட் குறுக்க வந்து இழுத்துட்டா சராசரி மொத்தமா சாய்ஞ்சிடும். உதாரணத்துக்கு ஒரு ஓஎஸ்ல 21, 22, 21, 24, 21 செகண்ட், இன்னொண்ணுல 22, 20, 23, 21, 22 செகண்ட் வந்தா நடு நம்பர் 21, 22. முதலாவது ஜெயிச்சுதா? இல்ல. ஒரே ஓஎஸ்ஸுக்குள்ளயே மூணு செகண்ட் ஆடுது, அதுல ஒரு செகண்ட் வித்தியாசத்துக்கு ஒரு மதிப்பும் இல்ல, சமம்னு எழுதிட்டு அடுத்ததுக்கு போங்க.

வெர்ஷன் நம்பரையும் தேதியையும் கண்டிப்பா பக்கத்துல எழுதுங்க. 2021 அக்டோபர்ல 11 வந்த புதுசுல ஏஎம்டி ரைசன் ப்ராசசர்ல எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளயே இருக்குற வேக மெமரி) தாமதம் ஏறிப்போய் சில கேம்ல 15 பர்சன்ட் வரைக்கும் அடி வாங்குச்சு, அதே மாசம் அப்டேட்ல சரி பண்ணிட்டாங்க. அந்த ரெண்டு வாரத்துல எடுத்த டெஸ்டை வெச்சு இன்னும் 11 ஸ்லோன்னு வாதாடுறவங்க இருக்காங்க.

லினக்ஸ்ல பழைய வெர்ஷன் புது வெர்ஷன் பாக்குறவங்களுக்கும் இதே முறைதான், பூட்டுக்கு சிஸ்டம்டி அனலைஸ் கமாண்ட் ஃபர்ம்வேர், கெர்னல்னு பிரிச்சே காட்டிடும், ரொம்ப சௌகரியம். ஆனா டெஸ்க்டாப் ஒண்ணா இருக்கணும், பழையதுல எக்ஸ்எஃப்சிஈங்குற லேசான டெஸ்க்டாப்பும் புதுசுல க்னோம்ங்குற கனமான டெஸ்க்டாப்பும் வெச்சா அது டெஸ்க்டாப் சண்டை. மேக்ல ஹார்ட் டிஸ்க் இருக்குற பழைய மெஷின்னா கவனம், புது மேக்ஓஎஸ் போட்டா ஃபைல் சிஸ்டமே ஏபிஎஃப்எஸ்ஸா மாறிடும், அது எஸ்எஸ்டியை மனசுல வெச்சு எழுதினது, சுத்துற டிஸ்க்ல திணறும். அங்க ஓஎஸ்ஸை திட்டுறதுக்கு முன்னாடி டிஸ்க்கை மாத்திப் பாருங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு வேலை பாக்கி இருக்கு, நிறைய பேர் மறந்துடுவாங்க. டெஸ்டுக்காக நிறுத்தின ரியல்டைம் ஸ்கேன், மெமரி இன்டெக்ரிட்டி, பிரவுசர் ஆட்டோ அப்டேட் எல்லாத்தையும் திரும்ப ஆன் பண்ணிட்டு, அப்டேட் நின்னுபோன அந்த பழைய ஓஎஸ் பார்ட்டிஷனை ஒண்ணு அழிச்சிடுங்க, இல்ல வெச்சுக்கணும்னு ஆசையா இருந்தா நெட்வொர்க் டிரைவரையே கழட்டிட்டு வைங்க.